பெட்டி சொன்னா சொன்னதுதான்

சனிக்கிழமை காலை ஏழேகால். சமையல்கட்டு சுவர்ல மாட்டியிருக்கற பெட்டி 'டிங்'னு ஒரு சத்தம் குடுத்துச்சு. காபி கப்பக் கைல பிடிச்சுக்கிட்டு, பாஸ்னு முன்னாடியே தெரிஞ்ச பையன் ரிசல்ட் பாக்கற மாதிரி சாவகாசமா திரும்பினேன்.

பாத்திரம்: கணவன்.
துணி துவைக்கறது: கணவன்.
மடிக்கறது: கணவன்.
இஸ்திரி: கணவன்.
பெருக்கறது: கணவன்.
துடைக்கறது: கணவன்.
குப்பை: கணவன்.
பாத்ரூம்: கணவன்.
ஜன்னல்: கணவன்.
பரண்: கணவன்.

பத்து வரி. பத்துலயும் நான்.

காபி சட்டைல கொட்டுச்சு. துணி துவைக்கறதும் என் பேர்லதான் இருந்துச்சு, அதனால அது தனிக் கவலை.

ஒண்ணு சொல்லிடறேன். இது நடக்கவே முடியாத விஷயம். குலுக்கல்ல வரலாம்தானேன்னு நீங்க நினைப்பீங்க. வராது. சனிக்கிழமை என் பேரு ஒரு தடவகூட வராது. ஏன்னா அந்தப் பெட்டிய செஞ்சதே நான்தான். வரக் கூடாதுன்னு அதுக்குள்ள எழுதி வச்சதும் நான்தான்.

இருங்க, வாஷிங் மெஷின் கூப்பிடுது. வந்துடறேன்.

வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், பெட்டி.

லிஃப்ட்ல மாடி நம்பர் காட்டுமே ஒரு பலகை, அத செய்யற கம்பெனில எனக்கு வேலை. பலகைக்குப் பின்னாடி உள்ளங்கை அளவுல ஒரு போர்டு. அந்த போர்டுல நகம் அளவுல ஒரு ஃபிளாஷ் மெமரி. அதுல ரெண்டு சமாச்சாரம் எழுதணும். ஒண்ணு பூட் இமேஜ். கரண்ட் வந்ததும் போர்ட தட்டி எழுப்பி விடறது அதோட வேலை. இன்னொண்ணு ஃபைல் சிஸ்டம் இமேஜ். எழுந்ததும் எது எங்க இருக்கு, என்ன செய்யணும்ங்கறது எல்லாம் அடுக்கி வச்ச அலமாரி. ரெண்டையும் எழுதறவன் நான். நான் எழுதலன்னா லிஃப்ட் மூணாவது மாடில நின்னுக்கிட்டு 'நான் யாரு, எங்க இருக்கேன்'னு தத்துவம் பேசிக்கிட்டிருக்கும்.

என் வீட்டுக்காரி பாடப் புத்தகம் போடற பிரஸ்ல ப்ரூஃப் பாக்கறா. சிவப்புப் பேனாதான் அவளுக்கு ஆறாவது விரல். ஹோட்டலுக்குப் போனா மெனு கார்டுல இருக்கற பிழைய திருத்திட்டுத்தான் ஆர்டர் சொல்லுவா. எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகை எல்லாத்துலயும் ரத்தக் காயம் இருக்கும். நான் அவளுக்கு எழுதின முதல் கடிதம் திரும்பி வந்தப்போ ஓரத்துல 'மறுபடி எழுதவும்'னு இருந்துச்சு. எழுதினேன். கல்யாணம் ஆச்சு.

வீட்டு வேலைய யாரு செய்யறதுன்னு எங்களுக்குள்ள மூணு வருஷமா பேச்சுவார்த்தை. நான் பேச்சு, அவ வார்த்தை. ஒரு நாள் எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்துச்சு.

"ஏம்மா, நீயும் வேணாம் நானும் வேணாம். ஒரு பெட்டி செய்யறேன். தினம் காலைல அது குலுக்கிப் போடும். யார் பேரு வருதோ அவங்க செய்யணும். சண்டையே கிடையாது."

"பெட்டி நியாயமா குலுக்குமா?"

"பெட்டிக்கு யாரு புருஷன், யாரு பொண்டாட்டின்னு தெரியுமா? அது ஜடம்மா."

"நீங்களும்தான் சனிக்கிழமை ஜடமா கிடக்கறீங்க. ஆனா உங்களுக்கு எல்லாம் தெரியுதே."

கம்பெனில ஓரம் உடைஞ்சு கழிச்சுப் போட்ட ஒரு லிஃப்ட் பலகைய மேனேஜர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு வாரம் உக்காந்து எழுதினேன். தினம் காலை ஏழேகாலுக்கு தானா அணைஞ்சு, தானா எழுந்து, பத்து வேலைக்கும் சீட்டு எடுத்து, லிஃப்ட் கதவு திறக்கற மாதிரி 'டிங்'னு சொல்லி பட்டியல் காட்டும்.

இப்ப உங்ககிட்ட மட்டும் ஒரு உண்மை. அந்த அலமாரிக்குள்ள 'பங்கு'ன்னு ஒரு சின்ன ஃபைல் வச்சேன். நாலே நாலு எண். சாதாரண நாள்ல கணவன் ரெண்டு, மனைவி எட்டு. சனிக்கிழமை கணவன் பூஜ்யம், மனைவி பத்து. பத்து சீட்டு போட்டா என் பேர்ல எத்தனை, அவ பேர்ல எத்தனைங்கற கணக்கு. சாதாரண நாள்ல எனக்கும் ரெண்டு சீட்டு போட்டேன் பாருங்க, அதுதான் என் நல்ல மனசு.

சனிக்கிழமை மட்டும் ஏன் பூஜ்யம்? காரணம் இருக்கு. மாசத்துல ஒரு சனிக்கிழமை எங்க ஃபிளாஷ் ஆளுங்க கூட்டம். போர்டு, மெமரி, சிப்புன்னு பைத்தியமா திரியறவங்க முப்பது பேரு ஒரு ஹால்ல கூடுவோம். நான் மூணு வருஷமா கடைசி பெஞ்சு. கை தட்டி தட்டியே உள்ளங்கை தேஞ்சவன். இந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையா என்னைய மேடைல ஏத்தறாங்க. தலைப்பு: 'செத்த போர்ட எழுப்பறது எப்படி?' ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசி ஒத்திகை. கண்ணாடி மட்டும் கொட்டாவி விட்டிருந்தா உடைஞ்சிருக்கும். பத்தரைக்கு மேடை.

அதுக்காகவே ஒப்பந்தமும் எழுதினேன். ஒண்ணு, பெட்டி சொன்னா சொன்னதுதான். ரெண்டு, வந்த வேலைய மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிக்கணும், முடிக்காம வாசல் தாண்டக் கூடாது. மூணு, பெட்டிய சுவர்லருந்து பிடுங்கறவங்க ஒரு மாசம் எல்லா வேலையும் செய்யணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவ ரெண்டு ஒற்றுப் பிழையத் திருத்திட்டுப் போட்டா.

பெட்டிய மாட்டின அன்னிக்கு ஒரு சின்ன விழாவே நடத்தினேன். ஒரு மெமரி கார்டுல மொத்த இமேஜையும் காப்பி போட்டு அவ கைல குடுத்தேன்.

"இது பேக்கப். எங்க தொழில்ல பேக்கப் இல்லாம ஒரு பய எழுத மாட்டான். உன் பொறுப்புல பத்திரமா வச்சுக்கோ."

"இத வச்சு என்ன பண்றது?"

"பெட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா, பின்னாடி ஒரு ஸ்லாட் இருக்கு பாரு, அதுல சொருகினா போதும். கார்டு இருந்தா கார்டுதான் முதல்ல. உள்ள இருக்கற மெமரிய அது சீண்டவே சீண்டாது. கார்டுலருந்தே எழுந்து வந்துடும்."

"ஓஹோ. கார்டு இருந்தா கார்டுதான் முதல்ல."

"கரெக்ட்!"

"எழுதிக்கவா?"

"எழுதிக்கோ, எழுதிக்கோ!"

எனக்கு சந்தோஷம் தாங்கல. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் சொன்னத அவ எழுதிக்கிட்டது அதுதான் முதல் தடவ.

அடுத்த மூணு சனிக்கிழமை சொர்க்கம். 'டிங்.' பத்துலயும் மனைவி. நான் சோஃபால. ஒவ்வொரு சனிக்கிழமையும் கைல துடைப்பத்தோட வந்து ஒரே கேள்விய கேப்பா.

"ஏங்க, பெட்டில ஏதாவது தப்பு இருக்குமோ? ஒருதடவ பாருங்களேன்."

"பெட்டி பொய் சொல்லாதும்மா. உன் ராசி அப்படி. கால கொஞ்சம் தூக்கிக்கறேன், அந்தப் பக்கம் பெருக்கிடு."

மூணு தடவ கேட்டா. மூணு தடவையும் கால தூக்கினேன்.

அப்புறம்தான் இந்த நாலாவது சனிக்கிழமை.

"ஏம்மா! இங்க வா! பெட்டிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

அவ சாப்பாட்டு மேஜைல ப்ரூஃப் தாளப் பரப்பி வச்சுக்கிட்டு சிவப்புப் பேனாவால யாரோட பாடத்தையோ கொத்திக்கிட்டிருந்தா. எட்டிப் பாத்தா.

"நல்லாத்தானே இருக்கு. எழுத்து எல்லாம் தெளிவாத் தெரியுது."

"பத்தும் நானாம்!"

"உங்க ராசி அப்படி."

"இல்லம்மா, இது பழுது. எனக்கு பத்தரைக்குப் பேச்சு இருக்கு. இப்படி வரவே வராது."

"ஏன் வராது? குலுக்கல்தானே?"

இங்கதான் மாட்டிக்கிட்டேன். ஏன் வராதுன்னு நான் சொல்ல முடியுமா?

"அது... கணக்குப்படி... ரொம்ப அபூர்வம்."

"மூணு வாரம் எனக்குப் பத்துக்குப் பத்து வந்துச்சே. அது அபூர்வமா இல்லையா?"

"மெமரி கெட்டுப் போச்சுன்னு நினைக்கறேன். சுவர்லருந்து கழட்டல. கேபிள் மட்டும் சொருகி மறுபடி எழுதறேன். அனுமதி உண்டா?"

"பெட்டிக்கு உடம்பு சரியில்லன்னா வைத்தியம் பாருங்க. ஒப்பந்தத்துல வைத்தியம் கூடாதுன்னு இல்லையே."

லேப்டாப்பக் கொண்டு வந்து சமையல் மேடைல வச்சேன். பெட்டியோட பக்கவாட்டு பட்டன அமுக்கிப் பிடிச்சு, உள் மெமரிய மொத்தமா அழிச்சேன். பூட் இமேஜ் எழுதினேன். ஃபைல் சிஸ்டம் எழுதினேன். எழுதினத திரும்பப் படிச்சு ஒப்பிட்டுச்சு. 'வெரிஃபை ஓகே.'

"அது என்ன ஓகே?" அவ பின்னாடியே வந்து நின்னுட்டா.

"எழுதினது சரியா எழுதியிருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கறது."

"ப்ரூஃப் பாக்கறது."

"ஆமா, உன் வேலைதான். ஆனா இதுல தப்பே வராது."

"எத வச்சு எழுதினீங்களோ அதோடவே ஒப்பிட்டா சரியாத்தான் இருக்கும். மூலத்துலயே தப்பு இருந்தா?"

"என் மூலத்துல தப்பு இருக்காது."

பெட்டிய எழுப்பினேன். 'டிங்.' பத்துலயும் கணவன்.

மணி எட்டு. மறுபடி அழிச்சேன். மறுபடி எழுதினேன். வெரிஃபை ஓகே. 'டிங்.' கணவன், கணவன், கணவன். கோயில் மணி மாதிரி ஒரே சத்தம்.

உலகத்துல எனக்குப் புரியாத விஷயம் நிறைய உண்டு. ஆனா நான் எழுதின மெமரி நான் எழுதாதத சொல்றது அதுல கிடையாது. ஒரு தடவ 'பங்கு' ஃபைல திறந்து பாத்தா தீந்துச்சு. எங்க திறக்கறது? தோள் மேல தாடைய வச்சுக்கிட்டு நிக்கறா. அத திறந்தா நாலு எண்ணும் திரைல பளிச்சுன்னு நிக்கும். ப்ரூஃப் பாக்கறவ கண்ணுக்கு முன்னாடி! அதுக்கு பரண்லயே குடியிருந்துடலாம்.

"காபி வேணுமா?"ன்னு கேட்டேன், அவள அந்தப் பக்கம் அனுப்ப.

"நீங்க போடறீங்களா? போடுங்க."

போட்டேன். அவ நகரல.

எட்டரை. நெத்தில வேர்வை.

"லேப்டாப்ல இருக்கற ஃபைலே கெட்டுப் போயிருக்கு போல. ஏம்மா, நான் ஒரு பேக்கப் கார்டு குடுத்தேனே, எங்க?"

"பத்திரமா இருக்கு."

"குடு."

"கார்ட எதுக்கு அலைய விடணும்? நீங்கதான் பேக்கப்புக்கும் பேக்கப் வேணும்னு சொல்வீங்களே. அத பென் டிரைவ்ல காப்பி எடுத்து வச்சிருக்கேன்."

"ஃபைல் ஃபைலா காப்பி பண்ணினா பூட் ஆகாதும்மா."

"தெரியும். முதல் எழுத்துலருந்து கடைசி எழுத்து வரைக்கும் முழு இமேஜாதான் எடுத்தேன். நீங்கதான் ஒரு மாசமா கண்ணாடிக்குச் சொல்லிக் குடுக்கறீங்களே. நானும் அந்த ரூம்லதானே துணி மடிச்சேன்."

கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. முழு இமேஜ்! என் வீட்டுக்காரி! எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்? பென் டிரைவ்ல ஒரு லேபிள் வேற, குண்டு குண்டு கையெழுத்துல: 'திருத்தப்பட்டது. அச்சுக்குப் போகலாம்.'

அவங்க ஆபீஸ் லேபிள ஒட்டியிருக்கான்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்.

அழிச்சேன். எழுதினேன். வெரிஃபை ஓகே. 'டிங்.' பத்துலயும் கணவன்.

அப்பதான் போன் அடிச்சுது. கூட்டம் நடத்தற என் சிநேகிதன். அவன் பேரு எங்களுக்கே மறந்து போச்சு, எல்லாரும் சால்டரிங்னுதான் கூப்பிடுவோம். எப்பப் பாத்தாலும் ஈயத்த உருக்கி கம்பி ஒட்டிக்கிட்டிருப்பான், சட்டைல ஈயப் புகை வாசம்.

"டேய், எங்க இருக்க? மேடைல உன் பேர எழுதியாச்சு."

"மச்சான், ஒரு போர்டு மானத்த வாங்குது. அழிச்சு எழுதறேன், வெரிஃபை ஓகேங்குது, எழுந்தா பழசத்தான் பேசுது. மூணு தடவ ஆச்சு."

"ஸ்லாட்ல கார்டு இருக்கா?"

"என்ன கார்டு?"

"டேய், செத்த போர்ட எழுப்பறது எப்படின்னு பேசப் போறவன் நீயா நானா? கார்டு இருந்தா கார்டுதான் முதல்ல! நீ உள்ள மாஞ்சு மாஞ்சு எழுதுவ. அது வெளிய இருக்கறத படிச்சுட்டுப் போகும்."

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ரெண்டு விரல் போற இடம். விட்டுப் பாத்தேன். சில்லுன்னு ஒரு மெலிசான விளிம்பு. அமுக்கினேன். 'டிக்'னு வெளிய வந்துச்சு. நான் விழா எடுத்துக் குடுத்த அதே கார்டு.

மெதுவா திரும்பினேன். அவ மேஜைக்குத் திரும்பிப் போயி தலைய குனிஞ்சு ப்ரூஃப் பாத்துக்கிட்டிருந்தா. ஒரு கால்புள்ளிய ரொம்ப அக்கறையா சுழிச்சுக்கிட்டிருந்தா.

இப்ப நான் என்ன செய்யணும்? நிதானமா ஒரு நிமிஷம் யோசிக்கணும். கார்டுல இருக்கறது தப்புன்னா, கார்டுலருந்து எடுத்த பென் டிரைவ்ல என்ன இருக்கும்? அத எங்க எழுதியிருக்கேன்? நீங்க யோசிச்சிருப்பீங்க. நீங்க சோஃபால உக்காந்து படிக்கறீங்க. எனக்கு மணி ஒம்பதே கால்.

நான் யோசிக்கல. நான் ஜெயிச்சுட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்.

"ஹா!"ன்னேன். கார்ட ரெண்டு விரல்ல பிடிச்சு, திருடன் விட்டுட்டுப் போன செருப்ப போலீஸ்காரர் தூக்கிக் காட்டற மாதிரி காட்டினேன். "இது என்ன?"

"பேக்கப். பத்திரமா இருக்குன்னு சொன்னேனே."

"பெட்டிக்குள்ள யாரு வச்சது?"

"நேத்து சாயங்காலம் தூசி துடைக்கறப்ப வச்சேன். பெட்டிக்கு ஏதாவது ஆனா சொருகணும்னு சொன்னீங்க. மூணு வாரமா ஏதோ ஆன மாதிரியே இருந்துச்சு."

"இனிமே இந்த வேலையே நடக்காது. பாரு." ஸ்க்ரூ டிரைவர எடுத்தேன். பெட்டியோட பக்கவாட்டு மூடியத் திறந்து, கார்டு ஸ்லாட்டுக்குப் போற கம்பிய கத்தரிச்சு விட்டேன். இனி கார்டு எதையும் படிக்காது. லேப்டாப்ல ஒரு கட்டளை அடிச்சேன். நிரந்தரப் பூட்டு. எங்க தொழில்ல லிஃப்ட் பலகை கம்பெனிய விட்டு வெளிய போறப்ப கடைசியா போடறது. ஒரு தடவ போட்டா அந்த மெமரில அப்புறம் ஒரு புள்ளியக்கூட மாத்த முடியாது. அழிக்கவும் முடியாது. சாவியே கிடையாத பூட்டு.

"அது என்ன பண்ணினீங்க?"

"இந்தப் பெட்டிய இனி யாராலயும் மாத்த முடியாது!"

"யாராலயுமா?"

"யாராலயும்!"

"உங்களாலகூட?"

"என்னாலகூட!"

"உறுதியா?"

"செஞ்சவனே சொல்றேன். உள்ள என்ன இருக்கோ அதுதான், இந்தப் பெட்டி இருக்கற வரைக்கும்."

பேனாவ மூடினா. "போட்டுக் காட்டுங்க."

போட்டேன். ஜெயிச்ச கை ஒண்ண இடுப்புல வச்சுக்கிட்டேன்.

'டிங்.'

பாத்திரம்: கணவன்.

மிச்சம் ஒம்பது வரிய நான் படிக்கல. படிக்காமலே தெரிஞ்சுது. இடுப்புல வச்ச கைய மெதுவா எடுத்தேன்.

"நீ... நீ ஃபைல மாத்தியிருக்க!"

"எந்த ஃபைல?"

"'பங்கு'ன்னு..." நிறுத்தினேன்.

"சொல்லுங்க. 'பங்கு'ன்னு ஒரு ஃபைலு. அதுல?"

"அதுல... சனிக்கிழமைக்கு..."

"சனிக்கிழமைக்கு என்ன இருந்திருக்கணும்?"

லேப்டாப்ப மூடினேன். குழாய் மட்டும் சொட்டு சொட்டா என்னைய கூப்பிட்டுச்சு.

ப்ரூஃப் தாளுங்களுக்கு அடியிலருந்து ஒரு தாள உருவி என் முன்னாடி வச்சா. என் ஃபைல அச்சடிச்சு வச்சிருந்தா. நாலு எண். கணவன் ரெண்டு, மனைவி எட்டு. கணவன் பூஜ்யம், மனைவி பத்து. ரெண்டு வரிலயும் சிவப்புல ஒரு வளைஞ்ச கோடு, 'இடம் மாற்றவும்'னு ப்ரூஃப் பாக்கறவங்க போடற கோடு. மேல தேதி. பெட்டி மாட்டின அதே நாளு.

"முதல் நாளே பாத்துட்டியா?"

"ஒருத்தர் எழுதினது ஒண்ண கைல குடுத்தா படிக்காம வைக்க எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க."

"அப்ப மூணு வாரம் ஏன் சும்மா இருந்த?"

"எங்க பிரஸ்ல மூணு ப்ரூஃப் பாத்துட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம். எழுதினவர் தானே திருத்திக்க ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு குடுப்போம். மூணு சனிக்கிழமை கேட்டேன். நீங்க கால தூக்கினீங்க."

"அதுக்காக பத்தும் எனக்கா? இது அநியாயம் இல்லையா?"

"நான் ஒரு எண்ணையும் கூட்டல. ஒரு எண்ணையும் குறைக்கல. அநியாயம்னா அது மூலத்துலயே இருக்கு. உங்க மூலத்துலதான் தப்பே இருக்காதே?"

மணி ஒம்பதரை. சமையல் மேடைல வச்ச போன் இன்னும் உயிரோட இருந்துச்சு, எடுத்தேன். நான் கட் பண்ணவே இல்ல.

"டேய்," அந்தப் பக்கம் சால்டரிங்கோட குரல். சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்குது. "கார்டு கம்பியையும் வெட்டிட்டியா? நிரந்தரப் பூட்டா? போட்டுப் பாக்கறதுக்கு முன்னாடியா?"

"மச்சான், நான் எப்படியாவது வந்துடறேன்..."

"வேலைய முடிக்காம வாசல் தாண்டக் கூடாது," மேஜைலருந்து குரல் வந்துச்சு. "ரெண்டாவது ஷரத்து. ஒற்று திருத்தி நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப மேடைல யாரு பேசறது? முப்பது பேரு வந்து உக்காருவாங்கடா!" போன்ல சால்டரிங் கத்தினான்.

அவ எழுந்து வந்து என் கைலருந்து போன வாங்கினா.

"அண்ணா, நான் வரட்டுமா? எனக்கு இன்னிக்கு வேலை ஒண்ணும் இல்ல. பேச்சு முழுசும் மனப்பாடம். ஒரு மாசமா கேட்டிருக்கேன். நாலு இடத்துல பிழை இருந்துச்சு, திருத்திட்டேன்."

"தங்கச்சி, நீ வாம்மா! அந்தக் கார்டையும் எடுத்துட்டு வா!"

கிளம்பிட்டா. பத்து நிமிஷத்துல. அந்த அச்சடிச்ச தாள மடிச்சு பைல வச்சுக்கிட்டா. வாசல்ல செருப்பு மாட்டறப்ப ஒருதடவ திரும்பினா.

"ஜன்னல் துடைக்கறப்ப ஓரத்தையும் துடைங்க. நீங்க ஓரத்துல எப்பவும் விட்டுடுவீங்க."

பரண்ல இருந்தப்பதான் கேட்டேன். அவ மேடைல ஏறினத சால்டரிங் போன்ல போட்டு விட்டிருந்தான், என்மேல இருக்கற பாசத்துல. தலைப்ப மாத்திட்டா: 'எழுதறதுக்கு முன்னாடி படிங்க.' அரை மணி நேரம். ஒவ்வொரு ரெண்டு நிமிஷத்துக்கும் சிரிப்பு. கடைசில கை தட்டல் நிக்கவே இல்ல. பரண்ல இருந்த பழைய சூட்கேஸ் மேல உக்காந்து நானும் தட்டினேன். தூசிதான் பறந்துச்சு. என்ன செய்ய, நல்லாத்தான் பேசினா.

ரெண்டு மணிக்கு வந்தா. பேச்சாளருக்கு நினைவுப் பரிசா ஒரு காபி கப் குடுத்திருந்தாங்க. பக்கத்துல சிப் படம் போட்டது. மூணு வருஷமா கடைசி பெஞ்சுலருந்து நான் ஏங்கிப் பாத்த அதே கப்பு. அதுல காபி குடிச்சா. குடிச்சு முடிச்சு தொட்டில வச்சா. பெட்டிய ஒரு பார்வை பாத்தா. என்னைய ஒரு பார்வை பாத்தா.

கழுவினேன்.

"அடுத்த மாசமும் வந்து பேசச் சொல்லியிருக்காங்க," துண்டுல கைய துடைச்சபடி சொன்னா. "சனிக்கிழமைதானே, எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

இதெல்லாம் நடந்து அஞ்சு வாரம் ஆச்சு. பெட்டி நல்லா இருக்கு. ஃபிளாஷ் மெமரி பத்து வருஷம் தாங்கும்னு நானே கண்ணாடி முன்னாடி ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன். என் பேச்சுல அவ திருத்தாம விட்ட இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

இருங்க, மெஷின் மறுபடி கூப்பிடுது. மடிக்கணும்.

அது சரி, உங்க வீட்டுலயும் இப்படி ஏதாவது நடந்திருக்கா? நீங்க எழுதினதையே உங்களுக்கே படிச்சுக் காட்டியிருக்காங்களா? நடந்திருந்தா தயங்காம கூப்பிட்டுச் சொல்லுங்க, ஆறுதலா இருக்கும். சனிக்கிழமை மட்டும் வேணாமே, கை ஈரமா இருக்கும், என்ன?